இரண்டடி தூரம்

நம் காலத்தில் அதிகம் சொல்லப்படும் தொழில்நுட்ப ஆலோசனை மூன்றே சொற்களில் முடிந்துவிடுகிறது: புது போன் வாங்குங்க. கடைக்காரர் சொல்கிறார், அண்ணன் மகன் சொல்கிறான், கஸ்டமர் கேர் சொல்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் அதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொல்கிறோம். ஆனால் வந்தவர் கேட்டது வேறு. "இந்தப் பழைய போன்ல இருக்குறத கம்ப்யூட்டர்ல போட்டுத் தர முடியுமா?" என்பதுதான் அவருடைய கேள்வி. பீரோ சாவி தொலைஞ்சு போச்சு, உள்ளே பத்திரம் இருக்கு என்று வருகிறவரிடம் புது பீரோ விற்பதற்கும் இந்தப் பதிலுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. என் வாதம் எளிது. ஒரே மேசையில் இரண்டடி தள்ளி இருக்கும் இரண்டு கருவிகள், நடுவில் யாரையும் கேட்காமல் பேசிக்கொள்ள முடிய வேண்டும். அதற்கான வழி கால் நூற்றாண்டாக இருக்கிறது. பழைய போனிலும் இருக்கிறது, புதிய கணினியிலும் இருக்கிறது. அந்தப் பாதையை யாரும் இடிக்கவில்லை. அதன் மேல் சாக்கை விரித்து மூடிவிட்டு, பக்கத்தில் சுங்கச்சாவடி வைத்துப் புதுச்சாலை போட்டிருக்கிறார்கள். அந்தச் சாலை மட்டும்தான் சாலை என்று நாமும் நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

1. ஐந்து கம்பெனிகள் ஒப்புக்கொண்ட மொழி

ப்ளூடூத் என்றால் இன்று பலருக்குக் காதில் மாட்டும் இயர்பட்ஸ். அது பிறந்தது வேறு கவலையில். 1994-இல் ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனம், போனுக்கும் பிற கருவிகளுக்கும் நடுவில் இருக்கும் வயரை ஒழிக்க ஒரு குறுந்தூர ரேடியோ முறையைத் தேட ஆரம்பித்தது. 1998 மே மாதத்தில் எரிக்ஸன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா என்ற ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து பொதுத்தரம் வகுக்கக் குழு அமைத்தன. பெயரைக் கொடுத்தவர் இன்டெல்லின் பொறியாளர் ஜிம் கார்டாக். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்த ஹரால்ட் ப்ளூடூத் என்ற அரசனின் பெயர் அது. சேராததைச் சேர்ப்பவன் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். இன்றும் உங்கள் போன் திரையில் தெரியும் அந்தச் சின்னம், அந்த ராஜாவின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூன் லிபியில் பின்னியதுதான்.

பெயருக்குள் இருந்த வாக்குறுதியைக் கவனியுங்கள். யார் செய்த கருவியாக இருந்தாலும் யார் செய்த கருவியோடும் பேசும். அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், தனி உரிமம் தேவையில்லாதது. சாதாரண போனில் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், அக்கவுண்ட் வேண்டாம். கோப்பு அனுப்புவதற்கான மொழியைக்கூடப் புதிதாக உருவாக்கவில்லை. அதற்கு முன்பு இன்ஃப்ராரெட் கருவிகள் பயன்படுத்திய ஓபெக்ஸ் என்ற நெறிமுறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் "இதோ ஒரு பொருள், வாங்கிக்கிறியா?" என்று கேட்கும். மறுபக்கம் "சரி" என்றால் பொருள் வந்து சேரும். வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் குழம்பு கொடுத்து வாங்குவது மாதிரி. இவ்வளவுதான் அதன் இலக்கணம்.

இரண்டாயிரங்களின் நடுவில் வந்த ஏராளமான பட்டன் போன்களுக்கு இந்த மொழி தெரியும். உங்கள் புது லேப்டாப்புக்கும் தெரியும். ஆக, இது செத்துப்போன தொழில்நுட்பம் என்று சொல்வது பொய். பேசத் தெரிந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, "இவங்களுக்கு நடுவுல மொழிப் பிரச்சினை" என்று ஊருக்குச் சொல்வது அது.

2. போனுக்குள் ஒரு நாடகக் கொட்டகை

புதுக்கோட்டை மாவட்டத்தில் வள்ளி திருமணம் நாடகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வரும் நாடகங்களில் இன்றும் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடப்பது அது. அதன் உயிர் தர்க்கத்தில் இருக்கிறது. நாரதரும் வள்ளியும் மேடையிலேயே, அன்றைய கூட்டத்தைப் பார்த்து, அன்றைய ஊர்ச் செய்தியை இழுத்துப்போட்டு மோதிக்கொள்வார்கள். எழுதிவைத்த பிரதியில் அது இருக்காது. ஒரு ராத்திரி பேசியதை அடுத்த ராத்திரி பேச மாட்டார்கள்.

ஆவுடையார்கோவில் பக்கத்தில் இருக்கும் என் அத்தையின் கணவர் அந்த மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். அவரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. எட்டு, பத்து வருடம் அதில் தோன்றியதையெல்லாம் பதிந்து வைத்திருந்தார். மேடையில் கேட்ட தர்க்கத்தின் துண்டுகள், தானே முனகிப் பார்த்த மெட்டுகள், நடுவில் ஒரு முறை அத்தையைத் திட்டியது. அவர் போன பிறகு அத்தை அந்த போனை மஞ்சள் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டுக் கேட்பாராம். "மெமரி கார்டு போடுற எடமே அதுல இல்லையாம்ப்பா மருமவனே. வயரு தொலைஞ்சு போச்சு. கடைக்காரப் பய, இத தூக்கிப் போட்டுட்டு டச்சு போனு வாங்குங்கங்குறான். தூக்கிப் போடுறதுக்கா நான் வச்சிருக்கேன்?"

கடையைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அவன் சொன்னான். என் கேள்வி, அவனுக்கு வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கப்படாமல் போனது ஏன் என்பதுதான்.

செய்தது இவ்வளவுதான். போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து, 'எல்லோருக்கும் தெரியும்படி' என்ற அமைப்பில் வைத்தோம். கணினியில் புதுக் கருவி தேடச் சொன்னோம். 2007-இல் ப்ளூடூத் 2.1 வருவதற்கு முந்தைய போன்கள், இரண்டு பக்கமும் ஒரே ரகசிய எண்ணைத் தட்டச் சொல்லும். நாமே ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நாலு இலக்கத்துக்குப் பதில் எட்டு இலக்கம் கொடுத்தோம். அடுத்து, கணினியில் 'கோப்பைப் பெறு' என்ற சாளரத்தைத் திறந்து காத்திருக்க வைத்தோம். இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். கணினி காத்திருக்காவிட்டால் போன் அனுப்புவது 'தோல்வி' என்று திரும்பிவிடும், காரணமும் சொல்லாது. பிறகு போனில் பதிவைத் தேர்ந்தெடுத்து, 'அனுப்பு', 'ப்ளூடூத் வழியாக'. வந்தது.

அந்தப் பதிவுகள் ஏஎம்ஆர் என்ற வடிவத்தில் இருக்கும். மனிதக் குரலுக்காகவே செய்யப்பட்ட சிக்கனமான வடிவம். அதன் உச்சத் தரத்தில்கூட ஒரு நிமிடத்துக்குச் சுமார் 90 கிலோபைட்தான். மூன்று நிமிடப் பதிவு 275 கிலோபைட். பழைய ப்ளூடூத்தின் வேகத்திலும் இது சில விநாடி வேலை. விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் ஓடும், எஃப்எஃப்எம்பெக் கொண்டு வேறு வடிவத்துக்கு மாற்றலாம். ஆர்மோனியம் கொஞ்சம் தகரமாகக் கேட்கும். குரல் குரலாகவே இருக்கும்.

தொடர்பு எண்கள் வேறு கதை. அவை விகார்ட் என்ற வடிவத்தில் வரும். பழைய 2.1 பதிப்பில் தமிழ்ப் பெயர் வந்தால், திறந்து பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துருவுமாக விரியும். 'அம்மா' என்ற பெயருக்கு ஐந்து குறிகள், ஆகவே 45 குறியீடுகள். கோப்பு கெட்டுப்போச்சு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். கெடவில்லை. அம்மா உள்ளேதான் இருக்கிறாள், பொட்டலம்தான் பெரிது. பெயர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு பொறியியல் மாணவர் பத்து வரி பைத்தான் எழுதினால் போதும்.

எஸ்எம்எஸ்தான் உண்மையிலேயே கஷ்டம். பல பட்டன் போன்கள் அவற்றைக் கோப்பாக வெளியே விடாது. அந்தந்த நிறுவனத்தின் கணினி மென்பொருள் வேண்டும், அல்லது காம்மு போன்ற திறந்தமூல மென்பொருள் வேண்டும். யாரோ ஒருவர் சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு மாடலாக ஆராய்ந்து எழுதியதால்தான் இன்று அந்தக் கதவிலாவது ஒரு இடுக்கு இருக்கிறது.

3. சாக்கு விரித்தவர்கள்

இப்போது பெயர் சொல்லிப் பேசலாம், எல்லாம் ஊரறிந்ததுதான்.

விண்டோஸ் 11-இல் ப்ளூடூத் தேடலுக்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன. இயல்பான நிலையில் இயர்போன், மவுஸ், கீபோர்டு மாதிரி பரவலான கருவிகள்தான் பட்டியலில் தெரியும். 'மேம்பட்ட' நிலைக்கு மாற்றினால்தான் எல்லா வகையும் தெரியும். கோப்பைப் பெறும் சாளரமும் இருக்கிறது, அமைப்புகளுக்குள் கீழே கீழே போய்த் தேட வேண்டும். போனைக் காணவில்லை என்று பயனர் நினைப்பார். போன் அங்கேதான் கூவிக்கொண்டிருக்கும்.

ஆப்பிள் இன்னும் தெளிவானது. 2007-இல் முதல் ஐபோன் வந்தது முதலே, வேறு போனோடு ப்ளூடூத் வழியாக ஒரு படத்தை அனுப்பவோ பெறவோ அதில் வழி வைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்புவதன் அருமை அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். 2011-இல் ஏர்டிராப் கொண்டுவந்தார்கள். அது ஆளைக் கண்டுபிடிப்பதே ப்ளூடூத் மூலம்தான், பிறகு வைஃபை மூலம் அனுப்பும். ஆனால் அந்த வசதி பல வருடங்கள் ஆப்பிள் வீட்டாருக்குள் மட்டும். ஊர்ப் பொதுக்கிணற்றுத் தண்ணீரை வைத்து வீட்டுக்குள் நீச்சல்குளம் கட்டுவது என்று இதைச் சொல்லலாம்.

கூகுள் வேறு வழி காட்டியது. எல்லாவற்றையும் மேகத்தில் போடுங்க, அளவில்லாம, இலவசமா. 2021 ஜூன் 1 முதல் அந்த அளவில்லா இலவசம் நின்றது. 2023 டிசம்பர் முதல், இரண்டு வருடம் தொடாத கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியும் வந்தது. மஞ்சள் பைக்குள் இருக்கும் பட்டன் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தை இரண்டு வருடம் அதைத் தொடாமல் இருந்தாலும் மாமாவை யாரும் அழிக்க மாட்டார்கள்.

"வாட்ஸ்அப்ல அனுப்பலாமே" என்பார்கள். நோக்கியாவின் எஸ்60 போன்களில் வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-ஓடு நின்றது. எஸ்40 போன்களில் 2018 டிசம்பர் 31-ஓடு நின்றது. அந்த போன்கள் அன்றைக்குப் பழுதாகவில்லை. காலண்டரில் ஒரு தேதி வந்தது, அவ்வளவுதான்.

இதில் நமக்கென்று ஒரு தனிக் கசப்பு உண்டு. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடியது. உலகின் பெரிய போன் ஆலைகளில் ஒன்று. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து போன பெண்களும் பையன்களும் ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்று அந்த போன்களைப் பூட்டினார்கள். நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் எடுத்துக்கொண்டபோது, வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலை மட்டும் வெளியே விடப்பட்டது. 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. போனைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளைப் பராமரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்த அறை எந்த நாளும் ஸ்ரீபெரும்புதூரில் இருந்ததில்லை. நம் கை செய்த பொருளுக்குள் நம் வீட்டுக் குரல் மாட்டிக்கொண்டிருக்கிறது, திறவுகோல் மட்டும் கடல் தாண்டி. 'மேக் இன்' என்று ஆரம்பிக்கும் எல்லாக் கோஷங்களுக்கும் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி இது: செய்தால் மட்டும் சொந்தமாகுமா?

4. என் தொழில்காரர்களின் ஆட்சேபணைகள்

எதிர்த்தரப்பு வெறும் கம்பெனி இல்லை. என்னோடு டீ குடிக்கும் நல்ல பொறியாளர்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு.

முதலாவது பாதுகாப்பு. பழைய ப்ளூடூத் ஓட்டைகள் நிறைந்தது என்பார்கள். சரிதான். 2004-இல் சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியாகவே பரவிய கேபிர் என்ற புழு, கைப்பேசிக்கென்று வந்த முதல் புழுக்களில் ஒன்று. 2017-இல் ப்ளூபோர்ன் என்ற பெயரில் வெளியான ஓட்டைகள் ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ் என்று எல்லாவற்றையும் தொட்டன. நாலு இலக்க ரகசிய எண்ணை உடைப்பதும் பெரிய வித்தை இல்லை. இதிலிருந்து வரும் முடிவு என்ன? வீட்டுக்குள் வைத்து, ஐந்து நிமிடம் திறந்து, நீளமான எண் கொடுத்து, வேலை முடிந்ததும் மூடு என்று சொல்லிக்கொடுப்பது. எச்சரிக்கைப் பலகை வைப்பது. ஆவுடையார்கோவில் வீட்டுத் திண்ணையில் 10 மீட்டர் வட்டத்துக்குள் இருந்தது நானும் அத்தையும் இரண்டு கோழியும். இதே பாதுகாப்பைக் காரணம் காட்டி மொத்தக் குரலையும் தெரியாத சர்வரில் ஏற்றச் சொல்பவருக்கு, அங்கே என்ன ஆபத்தும் இல்லை என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது, "யார் பயன்படுத்துறாங்க?" இந்தக் கேள்வியை நான் அலுவலகத்தில் வாரம் ஒரு முறை கேட்கிறேன். ஒரு வசதியை எடுப்பதா வைப்பதா என்று தீர்மானிக்க, எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற கணக்கைத் திரையில் போடுவோம். டெலிமெட்ரி என்று பெயர். பொத்தானை ஆழத்தில் புதைத்துவிட்டு, யாரும் அழுத்தவில்லை என்று கணக்குக் காட்டுவது எங்கள் தொழிலின் மிகப் பழைய தந்திரம். இணையத்தோடு சேராத கணினி அந்தக் கணக்குக்கே வராது. கணினியே இல்லாதவர் வரவே மாட்டார். பஸ் நிறுத்தத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு, இந்த ஊரில் பஸ் ஏற ஆளில்லை என்று ரூட்டை எடுப்பதை நம் கிராமங்கள் பார்த்திருக்கின்றன. அதே வேலை, ஏசி அறையில்.

மூன்றாவது, பழையதைத் தாங்கினால் செலவு. உண்மை. ஒவ்வொரு பழைய நெறிமுறையும் சோதனை கேட்கும், ஆள் கேட்கும். ஆனால் லினக்ஸில் ப்ளூஸீ என்ற ப்ளூடூத் அடுக்கு 2001 முதல் கெர்னலில் இருக்கிறது, இன்றும் ஓபெக்ஸ் பேசுகிறது. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களுக்குத் தாங்காத செலவு, கொஞ்சம் பேர் கூடிப் பராமரிக்கும் திட்டத்துக்குத் தாங்குகிறது என்றால், பேச்சு செலவைப் பற்றியது இல்லை.

நான்காவது ஆட்சேபணை இலக்கிய வாசகர்களிடமிருந்து வரும். அது ஆட்சேபணையாக வராது, பாசமாக வரும். "ஆமா தோழர், அந்த நோக்கியா ரிங்டோன், அந்தப் பாம்பு கேம், அதெல்லாம் ஒரு காலம்!" இந்த ஏக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய போனை ரீல்ஸில் போட்டு உருகுகிறவர், சொந்த அம்மாவின் பழைய போனில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. இன்னொரு பக்கம், திரையிலிருந்து விடுதலை வேண்டும் என்று நகரத்தில் பட்டன் போன் வாங்குவது இப்போது நாகரிகம். அதற்கு 'மினிமலிசம்' என்று பெயர். அதே போனை அறந்தாங்கி பஸ்ஸ்டாண்டில் ஒருவர் வைத்திருந்தால் பெயர் 'பின்தங்கியவர்'. எனக்கு இந்த போன் காவியமும் இல்லை, அவமானமும் இல்லை. அது ஒரு பாத்திரம். உள்ளே இருப்பது கொட்டிப்போவதற்குள் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

5. கஜா சொன்னது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து மேற்கே வந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி என்று புதுக்கோட்டையின் தென்னந்தோப்பு ஊர்களெல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன, கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன, செல்போன் சிக்னலும் போனது. இளைய வாசகர்களுக்கு அது பள்ளி விடுமுறை ஞாபகமாக இருக்கலாம். எனக்கு அது ஒரு பொறியியல் பாடம்.

டவர் போனால் கிளவுடும் போகும். விழுந்த மரத்தைப் படமெடுத்தவர் கையில் படம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் நடுவில் இருப்பவர் வரவில்லை. ப்ளூடூத்துக்கு நடுவில் ஆள் இல்லை. இரண்டு போனிலும் கொஞ்சம் சார்ஜ் இருந்தால் போதும். புயல் அடிக்கடி வரும் கடற்கரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டை நவீனம் என்று கொண்டாடுவது என்ன புத்தி?

6. சைக்கிள் மாவட்டம்

புதுக்கோட்டைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அந்த யோசனையை முன்னெடுத்தவர் அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மறக்காது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பியும் எடுத்தார்கள். முன்னால் கம்பி இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

அந்தச் சைக்கிள் அவர்களுக்காகச் செய்யப்பட்டதில்லை. அந்தக் கம்பியும் பிள்ளைக்காக வைக்கப்பட்டதில்லை. கையில் கிடைத்த கருவியைத் தன் தேவைக்கு வளைப்பதுதான் எழுத்தறிவின் அடுத்த படி. அதன்பிறகு பஸ்ஸுக்காக, புருஷனுக்காக, அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று 'டிஜிட்டல் எழுத்தறிவு' என்ற பெயரில் நாம் சொல்லிக்கொடுப்பது பஸ்ஸில் ஏறுவதை மட்டும். கணக்கு துவங்கு, ஓடிபி போடு, ஆப் இறக்கு. ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை.

இதே மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு வாக்கில் கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதன் பொருள் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். எழுத்தை வாசிக்க யாரும் லாகின் கேட்கவில்லை, அந்த லிபிக்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று எந்தத் தேதியும் அறிவிக்கப்படவில்லை. மாமாவின் ஆர்மோனியம் பதினைந்து வருடத்தில் வாசிக்க முடியாததாக ஆகிவிடும் என்றால், பலவீனம் காலத்துடையதா, ஏற்பாட்டினுடையதா?

7. என்ன வேண்டும்

புலம்பல் போதும். கோரிக்கைகள் இவை.

இயங்குதளங்கள், பக்கத்தில் இருக்கும் எந்தக் கருவியிலிருந்தும் கோப்பைப் பெறும் வசதியை முன்வாசலில் வைக்க வேண்டும். இதைச் சட்டத்தால் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் ஐரோப்பாவைப் பார்க்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களுக்கு யூஎஸ்பி-சி சார்ஜர் துளை கட்டாயம். அதை எதிர்த்த ஆப்பிளும் மாற்றியது. துளையைச் சட்டம் பொதுவாக்கும் என்றால், வெளியே எடுக்கும் வழியையும் பொதுவாக்கலாம்.

இந்தியாவில் 2019-இல் முன்வைத்த தனிநபர் தரவு மசோதாவில், நம் தரவை நாமே வாங்கி வேறிடம் கொண்டுபோகும் உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அது திரும்ப வர வேண்டும், சர்வரில் இருக்கும் தரவுக்கு மட்டுமின்றிக் கருவிக்குள் இருக்கும் தரவுக்கும் சேர்த்து. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளம் துவங்கியது, மொபைல் போனும் அதில் ஒரு பிரிவு. டிஸ்ப்ளே மாற்றுவது மட்டும் பழுதுபார்ப்பு ஆகாது. உள்ளே இருப்பதைத் திறந்த வடிவத்தில் வெளியே எடுத்துக் கொடுப்பதும் அந்த உரிமைக்குள் வர வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை சின்னது, நாளைக்கே செய்யக்கூடியது. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு மேசை வேண்டும். ஒரு பழைய கணினி, அதில் லினக்ஸ், சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் டாங்கிள், ஒரு டப்பா நிறையப் பழைய சார்ஜர், வயர். வாரத்தில் ஒரு நாள் சொல்லிக்கொடுக்க ஒரு பாலிடெக்னிக் மாணவர். 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. எத்தனை வீட்டில் அவை பரண்மேல் கிடக்கின்றன! புதுக்கோட்டையில் ஞானாலயா என்று ஒரு நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தங்கள் சொந்த முயற்சியில் தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த இடம். மற்றவர்கள் பழைய பேப்பர் என்று நினைத்ததை நூல் என்று பார்த்தவர்கள் அவர்கள். குரலுக்கும் அப்படி ஒரு கண் வேண்டும். தர்க்கம், ஒப்பாரி, தாலாட்டு, வயல் பாட்டு என்று நாம் ஆய்வரங்குகளில் 'வாய்மொழி மரபு' என்று பேசுவதில் ஒரு பங்கு இந்த நிமிடம் ஏதோ ஒரு பட்டன் போனின் ஏஎம்ஆர் கோப்பாக இருக்கிறது.

காலம் நம் பக்கம் இல்லை. அந்த போன்களின் பேட்டரி உப்பிக்கொண்டிருக்கிறது, பட்டன் ரப்பர் இறுகிக்கொண்டிருக்கிறது. பல வருடம் மின்சாரமே காணாத நினைவகச் சில்லு தன்னிடம் உள்ளதை மெல்ல மெல்ல இழக்கும். சட்டம் வரட்டும், நூலகத்தில் மேசை வரட்டும், அதுவரை காத்திருக்க முடியாது. இந்தக் கட்டுரையை வாசித்த போனைக் கீழே வைத்துவிட்டு, அப்பத்தாவின் பெட்டியை, அப்பாவின் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். சார்ஜர் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், அந்த மெல்லிய முனைச் சார்ஜர் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். கணினியில் 'கோப்பைப் பெறு' சாளரத்தை முதலில் திறந்து வையுங்கள், அது முக்கியம். வந்த கோப்பை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

அதன்பிறகு, தாராளமாகப் புது போன் வாங்குங்கள்.